இரண்டு விரல் துணி

முட்டிக் கவசத்தைத் திருப்பிப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இதைப் போட்டிருந்த பிள்ளை எப்போதும் இடது பக்கமாகவே விழுந்திருக்கிறது. பதினாறு வருடமாக ஊரார் துணியைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கிறவளின் கண் அது. ஒரு கால்சட்டையை விரித்துப் போட்டால் போதும், அதற்குச் சொந்தக்காரர் எந்தப் பையில் சாவி வைப்பார், எந்தக் காலை இழுத்து நடப்பார் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் மாதிரி சொல்லுவாள். கடைக்காரர் எடுத்து வைத்த ஜோடியில் வலது கவசம் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. இடது கவசம் நார் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. முழங்கைக் கவசங்களும் அப்படியே. முகத்தையும் சேர்த்து மூடுகிற அந்த ஹெல்மெட்டில்கூட இடது காதுக்கு மேலே மட்டும்தான் கீறல்கள்.

"யாரு போட்டதுங்க இது?"

"ஒரே பொண்ணு போட்டதும்மா. வளந்துட்டா, அளவு பத்தலைன்னு அவங்க அம்மாவே கொண்டாந்து குடுத்துட்டுப் போனாங்க." பழைய விளையாட்டுச் சாமான் விற்கும் அந்த மனிதர் இதைச் சொல்லும்போது மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா ஒண்ணு, வாங்கினா வாங்கினதுதான். திருப்பி எடுத்துக்க மாட்டேன்."

அவளுக்கு வேறு வழி இல்லை. மண்மேடுகளில் தாவி ஓட்டக் கற்றுத்தரும் மகளின் பிஎம்எக்ஸ் சைக்கிள் வகுப்பில் கோச் கறாராகச் சொல்லிவிட்டார், தலையிலும் முட்டியிலும் கவசம் இல்லாமல் இனி யாரும் டிராக்கில் கால் வைக்கக் கூடாது, போட்டிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது என்று. புதுக் கடையில் விலையைக் கேட்டுவிட்டு, சும்மா பார்க்க வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இறங்கி வந்தவள் அவள். மகளுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி உட்கார்ந்திருப்பாள். சைக்கிளில் ஏற்றிவிட்டால் வேறு ஆள். மேட்டிலிருந்து மேட்டுக்குத் தாவுவதைப் பார்த்து மற்ற பிள்ளைகள் தவளை என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் அவளுக்கு வாயெல்லாம் பல்.

ஹெல்மெட் ஒரு அளவு பெரியது. தெரிந்தேதான் வாங்கினாள். வளர்கிற பிள்ளைக்குப் பெரிதாக வாங்கிப் பிடித்துத் தைப்பதுதான் அவளுக்குத் தெரிந்த சிக்கனம், பாவாடைக்குச் செய்வதைத் தலைக்கும் செய்துவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் வீட்டில் மகள் போட்டுப் பார்த்தபோது அது அச்சாகப் பொருந்தியது. தைக்க ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லாமல் எப்படி இருக்கும்? ஒட்டுப் பட்டையில் சிக்கியிருந்த நீள முடிகளை ஊசி முனையால் எடுத்துப் போட்டுவிட்டு, துவைப்பதற்காக உள்மெத்தையைக் கழற்றினாள். உள்ளே கைத்தையல் இருந்தது. யாரோ துணியை மடித்து, பஞ்சை ஒதுக்கி, நெருக்கமாகப் பின்தையல் போட்டுப் பிடித்திருந்தார்கள். பக்கத்திலேயே பழைய ஊசி ஓட்டைகள் இரண்டு வரிசை. அவளுக்கு அது படிக்கிற எழுத்துதான். அந்தப் பிள்ளையின் அம்மா முதலில் சின்னத் தலைக்காகப் பிடித்திருக்கிறாள், ஒரு வருடம் கழித்துக் கொஞ்சம் பிரித்துவிட்டிருக்கிறாள், அப்புறம் இன்னும் கொஞ்சம். என்னைப் போல ஒருத்தி, என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

பிறகுதான் மடிப்பைத் தடவிப் பார்த்தாள். பிரிப்பதற்கு இன்னும் இரண்டு விரல் அகலத் துணி உள்ளே இருந்தது. அளவு பத்தவில்லை என்று சொன்னாளாமே? இரண்டு விரல் மிச்சம் வைத்துக்கொண்டு எந்தத் தையல்காரியும் அப்படிச் சொல்ல மாட்டாள். அந்தப் பிள்ளைக்கு மேற்கொண்டு பிரிக்க வேண்டிய தேவையே வராமல் போயிருக்க வேண்டும். அப்போதே அதைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கலாம். அவளோ சோப்புப் போட்டு அலசி, வெயிலில் காயப் போட்டாள்.

இரண்டாவது வாரம் கோச் கம்பி வேலிக்கு அருகே வந்து நின்றார். "உங்க பொண்ணு இடது பக்கமாவே சாயறா, கவனிச்சீங்களா? முன்னாடி இப்படி இல்லையே."

"புதுசா கவசம் போட்டிருக்கா இல்ல, அதான் சார்," என்று அவள் சொன்னாள். மகள் அன்றைக்கு மூன்று தடவை விழுந்தாள். மூன்றும் இடது பக்கம். ஒரு தடவைகூட அழவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள், "விழுறப்ப பயமா இல்லையாடி?"

"இல்லம்மா. முன்னாடிதான் பயம். இப்ப எந்தப் பக்கம் விழணும்னு தெரிஞ்சிடுது. அந்தப் பக்கம்தான் வலிக்காது."

"யாரு சொன்னா உனக்கு?"

மகள் யோசித்தாள். "யாரும் சொல்லல. தெரியுது."

இந்தப் போட்டி வேண்டாம் கண்ணு, வேற ஹெல்மெட் வாங்கிட்டு அடுத்த தடவை போகலாம் என்று கெஞ்சிப் பார்த்தாள். மகள் இரண்டு நாள் பேசவில்லை, சாப்பாட்டைத் தட்டிலேயே அளைந்துகொண்டிருந்தாள். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. கோழை என்று யாராவது அவளைச் சொன்னால் ஒப்புக்கொள்வாள். மகளிடம் கெட்ட பெயர் வாங்காமல் அவளை நிறுத்த ஒரு வழி கண்டுபிடித்தாள். புறப்படும் இடத்தில் கோச் ஒவ்வொரு ஹெல்மெட்டையும் தாடையைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். ஆடினால் அந்தப் பிள்ளை வெளியே. அவர் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை.

போட்டி அன்று காலை, மகள் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போன நேரத்தில், கார் நிறுத்துமிடத்துச் சுவரோரம் உட்கார்ந்து உள்மெத்தையைக் கழற்றினாள். தையலை முனையிலிருந்து முனைவரை அறுத்தாள். மடிப்பு விரிந்தது, நிறம் மங்காத துணி வெளிச்சத்துக்கு வந்தது. மெத்தையைத் திரும்பப் பொருத்தி, கைமுஷ்டியை உள்ளே விட்டு ஆட்டிப் பார்த்தாள், ஹெல்மெட் கடகடவென்று ஆடியது. மன்னிச்சிடு, என்று சொன்னாள். மகளிடம் சொன்னாளா அந்தத் தையலைப் போட்ட இன்னொருத்தியிடம் சொன்னாளா என்று அவளுக்கே தெளிவாகவில்லை.

எட்டுப் பிள்ளைகள் சரிவின் உச்சியில், முன்சக்கரங்களைத் தடுத்து நிற்கும் கேட்டுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். பெற்றோர் கயிற்றுக்கு இந்தப் பக்கம். கோச் ஒவ்வொருவராக ஆட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். மகளின் தாடையைப் பிடித்து இடம் வலம் ஆட்டினார். மகளின் தலை முழுசாக ஆடியது. ஹெல்மெட் மட்டும் தனியாக அசையவில்லை.

"ரொம்ப கச்சிதம்," என்றார். "தவளை, ரெடியா?"

அவள் கயிற்றைத் தாண்டி ஓடினாள். "சார், ஒரு நிமிஷம், நான் ஒரு தடவை பாத்துக்கறேன்." கோச் முகம் சுளித்தாலும் ஒதுங்கி நின்றார்.

"என்னம்மா?" மகளின் குரல் உள்ளிருந்து வந்தது.

"ஒண்ணுமில்ல. லூசா இருக்கான்னு..."

"இல்லம்மா. இன்னைக்குத்தான் நெருக்கமா இருக்கு."

அவள் இரண்டு விரல்களை மகளின் இடது கன்னத்துக்கும் மெத்தைக்கும் நடுவே நுழைத்தாள். காலையில் தானே பிரித்துவிட்ட இடம் அது. விரல்கள் பாதிக்கு மேல் போகவில்லை. ஒரு பக்கம் மகளின் கன்னம், வெயிலில் நின்று சூடாகி இருந்தது. மறுபக்கம் துணி இருக்க வேண்டும். இருந்தது தோல். மெதுவாக, குளிர்ந்து, அவளுடைய விரல்மேல் சாய்ந்தது, தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள் அம்மாவின் கையில் கன்னத்தைப் பதிப்பார்களே, அப்படி.

"விடும்மா, கேட் விழப்போகுது," என்றாள் மகள்.

கை தானாக வெளியே வந்தது. கேட் விழுந்தது. எட்டுச் சைக்கிள்களும் ஒரே சத்தமாகச் சரிவில் இறங்கின. முதல் வளைவில் மகள் எல்லோருக்கும் முன்னால் இருந்தாள், இடது பக்கமாக, தரையை முட்டி தொடுகிற அளவுக்குச் சாய்ந்து. அம்மா உச்சியிலேயே நின்று, யாரையோ கைகொடுத்துத் தூக்குகிறவள் மாதிரி, உடம்பை முழுக்க வலது பக்கம் வளைத்துக்கொண்டிருந்தாள்.