மரத்தூள் சட்டை

பால்கனி மூலையில் இருந்த உரத்தொட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை வரைதான் கெடு. அதற்குள் நாற்றம் போகாவிட்டால் தொட்டியையே தூக்கிவிட வேண்டும் என்று கீழ்வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

"அண்ணி, இந்தத் தொட்டிக்குக் கால் இருந்தா நாத்தம் தாங்காம அதுவே ஓடிப்போயிருக்கும்," என்றாள் நாத்தனார்.

அண்ணியான தையல்காரி மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். தச்சு வேலை பார்த்த கணவர் தன் கையால் துளை போட்டு வைத்த தொட்டி அது. அவர் இருந்தவரை மூடியைத் திறந்தால் மழை நனைத்த மண்ணின் மணம்தான் வரும். அதில் விளைந்த கறுப்பு உரத்தைத் தின்றுதான் பால்கனித் தக்காளி கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. அவர் போன பிறகும் அவள் குறை வைக்கவில்லை. காய்த்தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை என்று அன்றாடம் போட்டாள், கிளறியும் விட்டாள். ஆனாலும் உள்ளே ஒரே சேறு.

தொட்டியைக் காலி செய்வதென்றே முடிவாயிற்று. கீழே விரிக்கப் பழைய துணி தேடியபோது அவருடைய வேலைச் சட்டை அகப்பட்டது. உதறினாள். பையிலிருந்து மரத்தூள் கொட்டியது.

"இன்னும் தூளா!" நாத்தனார் சிரித்தாள். "அண்ணன் உள்ள காலெடுத்து வச்சதுமே கத்துவீங்களே."

"ஆமா, வீட்டுக்குள்ள உதறாதீங்கன்னு பால்கனிக்குத் துரத்துவேன். அவரும் நேரா தொட்டி மேலயே..."

சொல்லிக்கொண்டே வந்தவள் கொட்டிய தூளையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

காய்த்தோலில் பெரும்பகுதி தண்ணீர். உலர்ந்தது எதுவும் கலக்காவிட்டால் அது ஒன்றோடொன்று ஒட்டி, காற்றுப் போகும் வழியை அடைத்துவிடும். குப்பையை மண்ணாக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கும் மூச்சு வேண்டுமே! மூச்சு முட்டினால் அழுகல்தான். இத்தனை வருஷமும் அந்த மூச்சு அவர் சட்டைப்பையில் வந்திருக்கிறது. தெரிந்து உதறினாரா, திட்டுக்குப் பயந்து உதறினாரா? இனி யாரைக் கேட்பது?

இருவரும் அவருடைய பழைய பட்டறைக்குப் போய் ஒரு மூட்டை மரத்தூள் கொண்டுவந்தார்கள். கூடவே காய்ந்த இலையும் கிழித்த செய்தித்தாளும். அடிவரை கிளறிக் கலந்தார்கள். பிடித்துப் பார்த்தால் பிழிந்த துணிபோல ஈரம் இருக்கலாம், சொட்டக் கூடாது. அந்தப் பதம் வரும்வரை விடவில்லை. பிறகு தினமும் ஒரு கை தோலுக்கு இரண்டு கை உலர்ந்தது.

ஞாயிறன்று கீழ்வீட்டுக்காரர் வந்தார். மூக்கிலிருந்து கையை எடுத்தார்.

"தொட்டிய எடுத்துட்டீங்களாம்மா? மரக்கடை வாசம்ல வருது."

"தொட்டி அங்கயேதாங்க இருக்கு," என்றாள் தையல்காரி. "எங்க வீட்டுக்காரர் வேலை முடிச்சு வந்தா வீடு இப்படித்தான் மணக்கும்."