'வரேன்' என்றொரு பட்டன்

1

இந்தக் கதை எனக்கு டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், காப்பிக்கொட்டை அரைபடும் நேரத்தில் கிடைத்தது. சொன்னவர் ரங்கராஜன். பொடி தயாரானதும் பாதியில் கிளம்பிவிட்டார். மீதியை நான்தான் எழுத வேண்டும். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் என்பதால் கொஞ்சம் சிரமம்.

'யமுனைமேல் அந்தி சாய்ந்த வேளையில் ரங்கராஜன் ஜன்னல் வழியே...'

வேண்டாம். மயூர் விஹாரில் அவர் ஜன்னலிலிருந்து தெரிவது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

2

2003 நவராத்திரி. ரங்கராஜன் அரசாங்க அலுவலகமொன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தார். மனைவி சியாமளா பாடுவாள். அவள் மேடையேறினால் சபை காப்பி குடிக்க எழுந்துவிடும். (ஒருமுறை மிருதங்கக்காரரே எழுந்து போனதாகக் கேள்வி. கிளப்பியவன் நான்.)

"இந்தத் தடவையும் ஒருத்தரும் கேக்கலேன்னா தம்புராவை உறையில போட்டுக் கட்டிடறேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே ரங்கராஜன் குடியிருப்பின் கம்ப்யூட்டர்களையெல்லாம் கேபிளால் இணைத்து, அவரவர் வீட்டிலிருந்தே கேட்கும்படி மல்டிகாஸ்ட் கச்சேரி ஏற்பாடு செய்தார்.

3

(காப்பி குடிக்கிறவர்கள் இப்போது எழலாம்.)

சரோஜினி நகர் துணிக்கடைக்காரன் கூவினால் வேண்டாதவன் காதிலும் விழும். வீடு வீடாகப் போன் போட்டுப் பாடினால் ஒரே கீர்த்தனையை வீட்டுக்கொரு தடவை அனுப்ப வேண்டும். மல்டிகாஸ்ட் இரண்டுமில்லை. பாட்டு ஒரே பிரதியாகப் புறப்படும். வழியிலுள்ள ரூட்டர்கள், 'எனக்கு வேண்டும்' என்ற வீடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மட்டும் நகலெடுத்து அனுப்பும். அவ்வப்போது 'யாராவது இருக்கிறீர்களா?' என்று விசாரிக்கும். ஒருவர் 'இருக்கிறேன்' என்றால் போதும், மற்றவர்கள் சும்மா இருந்துவிடலாம். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது மட்டும் பாடுகிறவருக்குத் தெரியாது.*

* கதை எழுதுகிறவனுக்கும் இதே ஏற்பாடுதான்.

4

திரையில் இரண்டு பட்டன்கள். மேலே, சேர்வதற்கு 'இணைக'. கீழே, விலகுவதற்கு 'போறேன்' என்று எழுத ரங்கராஜனுக்குக் கை வரவில்லை. நாளும் கிழமையுமாக யார் அப்படிச் சொல்வார்கள்? மங்கலமாக 'வரேன்' என்று எழுதினார்.

சியாமளா உள்ளறையில் பாடிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டுக் கலியமூர்த்தி வாசல் கதவைத் தட்டினார்.

"சார், 'வரேன்'னு அமுக்கிக்கிட்டே இருக்கேன். ஒண்ணும் வரலியே?"

பின்னால் படி முழுக்க ஆட்கள். அத்தனை பேரும் 'வரேன்' என்று சொல்லி, வருவதற்கு முன்பே விடைபெற்றிருந்தார்கள். உள்ளிருந்து பாட்டு அவர்கள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. கம்ப்யூட்டரில் வர வேண்டும்.

"ஜல்தி சொல்லுங்கோ சார், மங்களம் பாடிடப் போறா" என்றது ஒரு குரல்.

மைக்கில் அறிவிக்கலாம்; அது இணைந்தவர்களுக்கு மட்டும் கேட்கும். ஆனால் யாருக்கு அறிவிப்பு வேண்டுமோ அவர்கள் படியில் நிற்கிறார்கள். நேரில் சொன்னாலோ, வீட்டுக்கு ஓடி 'இணைக'வை அமுக்குவதற்குள் மங்களம் முடிந்துவிடும்.

ரூட்டரில் மட்டும் பச்சை விளக்கு எரிந்தது. யாரோ ஒருவர் இருக்கிறார். ரங்கராஜன் யோசித்தார். மேல்மாடி ஷ்வேதா! டெல்லியிலேயே பிறந்தவள், குர்காவ்னில் வேலை, தமிழ் எழுத்து அவளுக்கு முறுக்கு. மேலே இருந்த பட்டனை அமுக்கியிருப்பாள். கேட்கிறாளா, போட்டுவிட்டுக் குளிக்கப் போனாளா, விளக்குக்குத் தெரியாது.

5

மங்களத்துக்கு முன் சியாமளா எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா, எத்தனை பேர் கேக்கறா?"

முடிவு அ: "எல்லாரும்" என்கிறார். படி முழுக்க நிற்கிறவர்களை எங்கே ஒளிப்பது?

முடிவு ஆ: "ஒருத்தி" என்கிறார். 'ஒருத்தரும்' என்றுதானே சொன்னாள், தம்புரா தப்பித்தது. ஷ்வேதா குளிக்கப் போகாமலிருந்தால்.

முடிவு இ: கதவை அகலத் திறந்து, படியில் நிற்பவர்களைக் கூடத்தில் உட்கார வைக்கிறார். ஆனால் காப்பி கேட்பார்கள்.

ரங்கராஜன் வாயைத் திறந்தார். இங்கேதான் காப்பிப்பொடி தயாரானது.

சியாமளா இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். யாராவது இருக்கிறீர்களா? ஒருவர் போதும், அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.

நான் வரேன்.