கட்டக் கூடாத கயிறு

கேப்டன் என்று எல்லோரும் கூப்பிட்டாலும் அந்த மனிதர் வேலையில் இருந்தபோது ஓட்டியது கப்பல் அல்ல, மணலும் கரியும் ஏற்றிப்போகும் பார்ஜ். ஆற்றில் இறங்கி, கால்வாய்களுக்குள் நுழைந்து, கடைசி மதகுக்கு இந்தப் பக்கம் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்புவார். மதகுக்கு அந்தப் பக்கம் கடல். ஆயுசு முழுக்கக் கடல் காற்றை மோந்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டியே திரும்பி வந்த மனுஷன். ஓய்வு கிடைக்கட்டும், சொந்தப் பாய்ப்படகில் பெண்டாட்டியை உட்காரவைத்து அந்த மதகைத் தாண்டுகிறேன் பார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொன்னபடி படகையும் வாங்கினார். பாய் தைத்தது அவர் மனைவி. அவள் தையற்காரி. கூடத்தில் இருந்த மேசை நாற்காலியை எல்லாம் வெளியே தள்ளிவிட்டு, துணிக்கு நடுவே மெஷினோடு உட்கார்ந்து தைத்து முடித்தாள்.

பாய் தயாரான நேரம் பார்த்து அவருக்கு மறதி வந்து தொலைத்தது.

சாவியை எங்கே வைத்தோம் என்கிற மறதி யாருக்குத்தான் இல்லை? இது அந்த ரகம் இல்லை. டாக்டர் அவளையும் மகளையும் தனியே கூப்பிட்டு, இனி நாளுக்கு நாள் மோசமாகத்தான் போகும் என்றார். கேப்டனிடம் சொல்ல இருவருக்குமே வாய் வரவில்லை. பிரஷர் மாத்திரை என்று சொல்லிக் கொடுத்ததை அவரும் விழுங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் மகள் அந்த வீட்டில் பாப்பாதான். அந்தப் பாப்பா, பயணமே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"உனக்கு நீச்சல்கூடத் தெரியாதும்மா. அப்பாவ நம்பித் தண்ணில எறங்கப் போறியா?"

"இந்த வருஷம் விட்டா, அப்புறம் கொண்டுபோய்க் காட்டினாலும் அது கடல்னு அவருக்குத் தெரியுமோ என்னவோ பாப்பா."

மகள் இறங்கிவந்தாள். ஒரு வாக்கு மட்டும் வாங்கிக்கொண்டாள். உயிருக்கு உலை வைக்கிற மாதிரி அப்பா ஒரே ஒரு தப்பு செய்தாலும் கடைசி மதகைத் தாண்டக் கூடாது. அம்மா சரி என்றாள்.

ஆற்றில் அவர் ராஜா. சுக்கானில் கை வைத்தால் போதும், கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. காற்று திரும்புவது அவளுக்குத் தெரியும் முன்னே பாயைத் திருப்பியிருப்பார். பாலம் வந்தால் பாய்மரத்தைச் சாய்த்து, தாண்டியதும் நிமிர்த்தி, பழைய பாட்டு ஒன்றைச் சீட்டியடிப்பார். சாயங்காலம் கரையோரம் நிறுத்திய பிறகுதான் வினை ஆரம்பிக்கும். "பாப்பா ஸ்கூல் விட்டு வந்துட்டாளா?" என்பார். "வந்துட்டா, படிக்கிறா" என்பாள் அவள். அடுப்பை அணைத்தாரா, முடிச்சைப் போட்டாரா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பின்னாலேயே போவாள். அலுத்துத்தான் போனாள். ஆனாலும் கடல் நெருங்க நெருங்க அவளுக்கே ஆசை பிடித்துக்கொண்டது.

கடைசிக்கு முந்தின மதகில் அது நடந்தது.

மதகு என்றால், இரண்டு பக்கமும் கதவு வைத்த பெரிய சிமெண்ட் தொட்டி. படகு உள்ளே போனதும் கதவை மூடி, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே திறந்துவிடுவார்கள். தண்ணீரோடு படகும் கீழே இறங்கும். சுவரின் உச்சியில் இருக்கும் இரும்புக் கட்டையில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, முனையைக் கையில் பிடித்து, படகு இறங்க இறங்க விட்டுக்கொண்டே வர வேண்டும். எந்த முனையையும் கட்டக் கூடாது. கட்டினால் படகு சுவரில் தொங்கும். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

முன் கயிறு அவரிடம், பின் கயிறு இவளிடம். பாசி பிடித்த சுவர் உயர்ந்துகொண்டே போனது. திடீரென்று அவள் காலடியில் பலகை சரிந்தது. அறைக்குள் பாத்திரமெல்லாம் உருண்டன. நிமிர்ந்து பார்த்தால் படகின் முன்பக்கம் மேலே தொங்குகிறது, பின்பக்கம் தண்ணீரோடு போய்க்கொண்டிருக்கிறது. முன் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது. அவரோ கம்பியைப் பிடித்தபடி, யார் வீட்டு விசேஷமோ என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

 அவள் பாய் தைக்கிற பையிலிருந்து கத்தரிக்கோலை உருவிக்கொண்டு, தவழ்ந்து மேலேறி, விறைத்து நின்ற கயிற்றை இரண்டு கையாலும் வெட்டினாள். படகு தடாரென்று தண்ணீரில் விழுந்தது. அவள் முழங்கால் கிழிந்தது.

மேலிருந்து மதகுக்காரர் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கத்தினார். "யாருங்க கயித்தக் கட்டினது? ரெண்டு பேரும் போயிருப்பீங்களே."

அந்தச் சத்தத்தில்தான் கேப்டன் விழித்துக்கொண்டார். வெட்டுப்பட்ட கயிற்றைப் பார்த்தார்.

"யார் கட்டினது?"

அவளுக்கு ஒரு நொடிதான் கிடைத்தது. அவர் தப்புக்குத்தானே மகளுக்கு வாக்கு? தப்பு தன்னுடையது என்றால் அவர் முகமும் வாடாது, கடைசி மதகையும் தாண்டிவிடலாம்.

"நான்தாங்க. ஏதோ நெனப்புல கட்டிட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. மதகைத் தாண்டிக் கரையோரம் படகை நிறுத்தி, அவள் காலைக் கழுவி மருந்து வைத்தார். பிறகு வேறொரு கயிற்றை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இங்க பாரு. ஒரு சுத்து. முனை கையிலயே இருக்கணும். தண்ணி எறங்க எறங்க விடு. கட்டவே கூடாது, என்ன?"

விரல்கள் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. 

"பார்ஜுல எவனாவது மதகுல கயித்தக் கட்டினா, எவ்வளவு நல்லவனா இருந்தாலும் அங்கயே எறக்கி விட்ருவேன்" என்றார். "கையில இருக்கற வேலையே மறந்துபோற ஆள வச்சிக்கிட்டு கடலுக்குப் போக முடியாதும்மா. அங்க புடிச்சிக்க கரை கெடையாது. நாம திரும்பிடலாம்."

"ஒரே ஒரு மதகுதாங்க பாக்கி. நீங்க எத்தன வருஷமா ஆசப்பட்டீங்க."

"பட்டேன்தான். அதுக்காக உன்னத் தொலைச்சிட்டு நான் கடலப் பாத்து என்ன பண்றது?"

நான் கட்டவில்லை என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் கட்டியது யார் என்று சொல்ல வேண்டும். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தப்பை நினைத்து அழுகிறாள் என்று அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அப்புறம் எழுந்துபோய், அவள் தைத்த பாயை இறக்கி மடித்துவைத்தார்.

மடித்து முடித்ததும் போனை எடுத்துக்கொண்டு படகின் முன்பக்கம் போனார். சின்னப் படகு. என்ன தணித்துப் பேசினாலும் காதில் விழும்.

"பாப்பா, நாங்க திரும்புறோம். ஒண்ணும் பயப்படாத. அம்மாவுக்குத்தான் முன்ன மாதிரி ஞாபகம் நிக்கல. கொஞ்ச நாளாவே பாக்குறேன், என் பின்னாலயே சுத்துறா, போட்ட முடிச்சையே திரும்பத் திரும்பத் தொட்டுப் பாக்குறா. நீ எதுவும் கேட்டு அவ மனச நோகடிக்காத. நான் இருக்கேன்ல. பாத்துக்கறேன்."