மச்சான் பிடிக்க வேண்டிய திருகு

மூன்றாவது கூட்டமும் உருப்படாமல் முடிந்ததும் நர்ஸ் ஜெபசெல்விக்கு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. சொத்தையா எழுதிக் கேட்டாள்? தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் சங்கு குளிப்பவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் காற்றழுத்தத் தொட்டியின் மேல் செத்துப்போன தன் அப்பா ஞானையாவின் பெயரை எழுத வேண்டும், அவ்வளவுதான்.

ஞானையா நாசரேத்துக்காரர், வெள்ளைக்காரன் காலத்து விமானி. உயரத்தில் காதும் ரத்தமும் படும் பாட்டைத் தன் உடம்பிலேயே அறிந்தவர், கடலுக்கடியிலும் அதே கதைதான் என்று கண்டு, பழைய கப்பல் பாய்லரை வெட்டி இந்தத் தொட்டியைச் செய்தார். எத்தனை பேர் முடக்கு நீங்கி நடந்தார்கள்! அதை யார் பேசினார்கள்? முப்பது வருஷத்துக்கு மேலாகியும் ஊருக்கு நினைவிருந்தது நாற்பத்திரண்டாம் வருஷத்துச் சுதந்திரப் போராட்டம் மட்டும்தான். உடைமரக் காட்டில் ஒளிந்திருந்த போராட்டக்காரர்களை விமானத்திலிருந்து பார்த்துப் போலீசுக்குச் சொன்னவர் அவர். பிடிபட்டவர்களில் தொம்மை என்பவன் ஜெயிலிலேயே செத்தான்.

"காட்டிக்குடுத்தவன் பேரை எழுதுனா ஒருத்தனும் உள்ள போவ மாட்டான்" என்று கூட்டத்தில் கத்தியவன் வில்பிரட், குளியாட்கள் சங்கத் தலைவன். தொம்மையின் தங்கை அல்போன்சாவைக் கட்டியவன்.

அதே வில்பிரட்டை மறுவாரம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். புதிதாக வந்த காற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டு ஆழத்தில் கிடந்தவன், ஒரேயடியாக மேலே வந்திருக்கிறான். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

"திருகைப் பிடிக்க மச்சான் வந்திருக்காரா அண்ணாச்சி?" என்று வழக்கம்போல் கேட்டுவிட்டு ஜெபசெல்வி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தோணியில் குளிப்பவனின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான். தங்கச்சி தாலியாயிற்றே, கண்ணை அங்கே இங்கே திருப்ப மாட்டான். அதனால்தான் தொட்டியிலிருந்து காற்றைச் சிறுகச் சிறுக இறக்கும் திருகையும் மச்சான் கையிலேயே கொடுக்கும் ஏற்பாட்டை ஞானையா செய்து வைத்திருந்தார்.

"எனக்கேது மச்சான்? கலியாணம் ஆன நாள்ல இருந்து ஊரான் கையில கயித்தக் குடுத்துட்டுதான் முங்குதேன்" என்றான் வில்பிரட். "நீங்களே பிடிங்க சிஸ்டர். வேற யாரு இருக்கா?"

பிடித்தாள். காற்று அவசரமாக இறங்கினால் உயிர் போய்விடும். சாயங்காலம்வரை அசையாமல் நின்றாள். எதிரே அல்போன்சா ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே ஜெபசெல்விக்குக் கூசியது.

தொட்டியின் கதவைத் திறந்ததும் வில்பிரட் கால்விரலை அசைத்துக் காட்டினான். ஓவென்று அழுதான்.

"பேரை எழுதிக்கிடுங்க சிஸ்டர். இனி நான் குறுக்க நிக்க மாட்டேன்."

எத்தனை வருஷமாக ஏங்கிய சொல்! ஆனால் அவளுக்குக் களைப்புத்தான் வந்தது, சந்தோஷம் வரவில்லை.

"அப்பா செஞ்சது பெரிய காரியம்தான் அண்ணாச்சி. எங்க வேணும்னாலும் சொல்லுவேன். இங்கன மட்டும் எழுத வேண்டாம்" என்றாள். "இன்னைக்கு நான் நின்னது தொம்மை அண்ணன் நிக்க வேண்டிய எடம்."