ஆண்டு காலியாக இருக்கும் மேற்கோள்

நான் கையால் ஓட்டினால் கட்டுரை வருகிறது. சேவையகம் தானாக ஓட்டினால் வரவில்லை. வில்னியஸில் கணித இதழ்களுக்குப் பக்கம் அமைக்கும் அலுவலகத்தில் நான் புதியவன். அன்று காலை முழுக்க எனக்கு இதுதான் புதிர். அதே கோப்பு, பக்கம் அமைக்கும் அதே லேடெக் மென்பொருள். என் திரையில் பக்கங்களும் நூற்பட்டியலும் ஒழுங்காக விழுந்தன. சேவையகமோ ‘தோல்வி’ என்று சிவப்பில் காட்டிவிட்டு நின்றது. அது எழுதிவைக்கும் பதிவில் பிழை ஒன்றுகூட இல்லை. எச்சரிக்கை மட்டும் ஒன்று: ‘தோமாந்தாஸ், இரண்டாம் பகுதி: ஆண்டு காலி.’ கட்டுரை மேற்கோள் காட்டும் படைப்புகளில் ஒன்றுக்கு வெளியான ஆண்டு இல்லை என்று பொருள்.

மாலையில் இந்த இதழை முடித்து அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குள் சேவையகம் ஏற்காத கட்டுரைக்கு இடமில்லை.

“இதுக்காடா மண்டைய உடைச்சுக்கிட்டிருக்கே?” என்றார் மேலாளர் ஜில்வினாஸ். “ஏதாவது ஒரு வருஷத்தப் போடு. இங்க எல்லாரும் அதத்தான் பண்றாங்க.”

நடப்பு ஆண்டைப் போட்டேன். பச்சை விழுந்தது. கட்டுரையை எழுதிய ஸ்கைஸ்தேவுக்குச் சரிபார்க்கப் படியை அனுப்பினேன். உருளைக்கிழங்கு அப்பத்தைப் பாதி தின்பதற்குள் அவரிடமிருந்து தொலைபேசி.

“அந்த வருஷத்த யாருங்க போட்டது?”

“நான்தாங்க. வருஷம் இல்லாம எங்க மெஷின் ஏத்துக்க மாட்டேங்குது.”

“என் தம்பி இன்னும் எழுதி முடிக்கலையே.”

தோமாந்தாஸ் அவருடைய தம்பி. போன குளிர்காலத்தில் காயலின் பனிக்கட்டி மேல் ஸ்டிந்தா மீன் பிடிக்கப் போனவன். பனிக்கட்டி உடைந்தது. அவனுடைய மீன் பெட்டி கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. அவன் எழுதிக்கொண்டிருந்த கட்டுரையின் இரண்டாம் பகுதி அவன் மேஜையில் பாதியில் நிற்கிறது.

“வருஷம் போட்டா முடிஞ்சுபோச்சுன்னு ஆயிடும். மேற்கோளையே எடுத்துட்டா அவனே இல்லன்னு ஆயிடும்” என்றார். “நேத்து சந்தையில ஸ்டிந்தா வந்திருந்துச்சு. வெள்ளரிக்கா வாசனை. அவன் வீட்டுக்குள்ள வந்தா அந்த வாசனைதான் முன்னாடி வரும். அவன்தான் வந்துட்டான்னு திரும்பிப் பாத்துட்டேன்.”

“சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க” என்றேன்.

சேவையகத்தின் நிரலைத் திறந்து படித்தேன். விஷயம் எளிமையானது. நூற்பட்டியலைத் தொகுக்கும் பிப்டெக், எச்சரிக்கை இருந்தாலும் தன் வேலையை முடித்துப் பட்டியலைத் தந்துவிட்டு, ‘நலம்’ என்று பொருள்படும் பூஜ்யத்தைச் சொல்லிவிட்டுத்தான் போகிறது. ஆனால் எங்கள் நிரல் அந்தப் பூஜ்யத்தை நம்பாமல், பதிவில் ‘எச்சரிக்கை’ என்ற சொல் தென்பட்டாலே வேலையை நிறுத்துகிறது. கையால் ஓட்டும்போது இந்தக் காவல் கிடையாது.

“ஒருதரம் மேற்கோள் எண் வரவேண்டிய எடத்துல கேள்விக்குறி அச்சாயிடுச்சு” என்றார் ஜில்வினாஸ். “நான் வாங்கின திட்டு எனக்குத்தான் தெரியும். அதான் இந்தக் காவல்.”

“காவல எடுக்கச் சொல்லல சார். தொலைஞ்ச மேற்கோள் வேற, தெரிஞ்சே காலியா விட்ட வருஷம் வேற.”

“மெஷினுக்கு அது எப்படிடா தெரியும்?”

“நாம சொன்னா தெரியும்.”

“சொல்லித் தொலை. அடுத்த கேள்விக்குறி வந்தா, திட்டுறவங்களுக்கு உன் போட்டோவ அனுப்பி வைக்கிறேன்.”

நான் போட்ட ஆண்டை அழித்தேன். பிறகு நிரலை மாற்றினேன். ஒவ்வொரு கட்டுரையின் கோப்புகள் இருக்கும் அடைவிலும் இப்போது ‘அனுமதி’ என்றொரு சிறு கோப்பு வைக்கலாம். அதில் ஏற்றுக்கொண்ட எச்சரிக்கையை எழுத்துக்கு எழுத்து எழுதி, பக்கத்தில் காரணத்தையும் எழுத வேண்டும். நிரல் பதிவிலுள்ள எச்சரிக்கைகளை எடுத்து, அனுமதியில் உள்ளவற்றைக் கழிக்கிறது. மீதம் ஒன்று இருந்தாலும் நிற்கும். பிப்டெக் பூஜ்யம் சொல்லாவிட்டாலும் நிற்கும். தொலைந்த மேற்கோளுக்கு அனுமதியே கிடையாது.

ஸ்கைஸ்தேவின் அடைவில் ஒரே வரி. காரணம்: ‘ஆசிரியர் இன்னும் முடிக்கவில்லை.’

ஓட்டினேன். அந்த எச்சரிக்கை பதிவில் அப்படியே வந்தது. சேவையகம் அதை அனுமதியோடு ஒப்பிட்டுவிட்டு, ஆண்டைக் காலியாகவே விட்டு, கட்டுரையை இதழில் சேர்த்தது.