நொட்டாங்கைக்காரரின் கத்தி

சாயங்காலம் வெயில் இறங்கினால் போதும், அப்பாவுக்கு இருப்புக் கொள்ளாது. "பாப்பா, வெட்டுக்கத்தி எங்க? அதுல செடிப்பால் காய்ஞ்சு போச்சுன்னா அப்புறம் லேசுல போகாது" என்று வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பார். பாப்பா என்று அவர் கூப்பிடும் மகளுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. அப்பா கிளை கழிப்பதும் புதர் வெட்டுவதுமாக ஊரையே சுற்றி வந்த மனிதர்; மறதி நோய் வந்து எல்லாவற்றையும் துடைத்துப் போட்டது. வேலையை விட்டது நினைவில்லை. மனைவி செத்துப்போனதும் நினைவில்லை. வெட்டிவிட்டு வந்தால் கத்தியைச் சுத்தம் செய்யவேண்டும் என்பது மட்டும் எப்படியோ தப்பிக் கிடந்தது.

சுத்தமான கத்தியைக் கொடுத்து அவரை ஏய்க்க முடியாது. "இது நேத்தே கழுவினது. இன்னைக்கு வெட்டினது எங்க?" என்று தேடிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். ஒருமுறை லாரிக்கு முன்னால் போய் நின்றார். மகளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. "கத்தியைத் தூக்கிப் போடு, அவரை உள்ள வச்சுப் பூட்டு" என்று அண்ணன் போனில் உத்தரவு போட்டான். தூரத்தில் இருப்பவர்களுக்கு வாய்க்கு என்ன குறைச்சல்?

அவள் வேறு வழி பிடித்தாள். தினமும் தையல் மெஷினை விட்டு எழுந்து, கொல்லை வேலிச்செடியில் நாலு கிளை வெட்டுவாள். பால் வழிகிற கத்தியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, "இன்னைக்கு வேலை ஜாஸ்தியாப்பா?" என்பாள். பச்சைப் பொய்தான்.

அதன்பிறகு அவரைப் பார்க்கவேண்டுமே! மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பாலைக் கரைப்பார். சோப்புத் தண்ணீரில் நாரால் தேய்ப்பார். விரல் எப்போதும் கத்தியின் முதுகுப் பக்கம். துடைத்து, அடுப்போரம் ஈரம் போக வைப்பார். சோற்றை வாய்க்குக் கொண்டுபோக நடுங்குகிற கை, கல்லில் தீட்டும்போது நடுங்காது. கடைசியில் அவளுடைய மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டு. அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்குப் பழைய அப்பா கிடைப்பார். சொல்லப்போனால், அவருக்காக மட்டுமா அவள் இந்தப் பாடு பட்டாள்?

ஒருநாள் துணியை நனைத்தவர் அப்படியே நின்றார். கத்தியைத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"பாப்பா, இதை யார் வெட்டினது?"

"நீங்கதாம்பா."

"நான் சாய்ச்சு வெட்டினா பால் அந்தப் பக்கம்ல அப்பும்? இது வலதுகைக்காரங்க யாரோ வெட்டினது."

இடதுகைக்காரரான அவரைத் தெருவே நொட்டாங்கை என்றுதான் கூப்பிடும். பிறந்ததிலிருந்து பார்க்கிறவளுக்கு, கிளை வெட்டும்போது அது தோன்றவே இல்லை.

அவர் அவளுடைய வலது உள்ளங்கையை இழுத்துப் பார்த்தார். அது காய்த்துப் போயிருந்தது.

"நான் வேலைக்குப் போறதில்ல. அப்படித்தானே?"

"ஆமாப்பா."

"உங்கம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்குப் புரிந்துவிட்டது. எல்லாம் தெரிந்த பெரிய மனிதராக உட்கார்ந்து அழுதார். நல்ல நினைவு திரும்பாதா என்று ஏங்கியவள், ஏன் திரும்பியது என்று நொந்துபோனாள்.

பிறகு எழுந்து கத்தியைச் சுத்தம் செய்தார். இந்தமுறை ஒரு சொட்டோடு நிறுத்தவில்லை. இனி நெடுநாள் எடுக்கப்போவதில்லை என்றால் பூசுகிற மாதிரி, எண்ணெயைத் தாராளமாகப் பூசினார். காகிதத்தில் சுற்றி, சாக்கில் மடித்து, கயிறு போட்டுக் கட்டினார்.

"யாருக்காவது குடுத்துடு. உன் கையைப் பாரு, என்ன கதி ஆயிருக்கு" என்றார். அவர் மடியில் தலை வைத்து அவள் அழுதாள். அவர் இடதுகையால் தடவிக்கொடுத்தார்.

மறுநாள் வெயில் இறங்கியது. கூடத்தில் செருப்புச் சத்தம் கேட்டது.

"பாப்பா, கத்தி எங்க? பால் காய்ஞ்சிடும். உங்கம்மா வேற எங்க போனான்னு தெரியல."

"அம்மா கடைக்குப் போயிருக்காங்கப்பா. கத்தியை இதோ எடுத்துட்டு வர்றேன்."

கொல்லைக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தாள். அவர் பூசிய எண்ணெயைத் துணியால் துடைத்தாள். வலதுகையில் எடுத்த கத்தியை இடதுகைக்கு மாற்றிக்கொண்டாள். முதல் வெட்டு கிளையில் படவே இல்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓங்கினாள்.