தூசி தட்டிய நாற்காலி

டிரைவர் இதுவரை நாலு பேரை மலைமேல் ஏற்றி இறக்கிவிட்டார். எல்லாரும் சங்கத்துத் தலைவர் வேலைக்கு வந்தவர்கள். இன்றைக்கு ஐந்தாவது ஆள்.

சங்கம் என்றதும் பெரிய கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். பேட்டரிக் கடைக்கு மேலே ரெண்டு அறை, திறந்தால் மூடாத ஒரு பீரோ, வாசலில் ஒரு ஜீப். காட்டையும், காலங்காலமாக அதற்குள் இருக்கிற சனத்தின் நிலத்தையும் பிடுங்கவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலை. இருபத்திமூணு வருஷம் அதைத் தலையில் சுமந்தவர் பெரியக்கா. இப்போது அவரால் மாடிப்படி ஏற முடியவில்லை. காலையில் சொன்னது மத்தியானத்துக்கு மறந்துபோகிறது. “எனக்கு அடுத்து ஒரு ஆள் வர்ற வரைக்கும் நீ வண்டியை விடக்கூடாது” என்று டிரைவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் வீட்டோடு முடங்கினார். ஒரு மாசக் கதை என்று நினைத்துத் தலையாட்டினார் டிரைவர். பதினாலு மாசம் ஓடிவிட்டது. வயசு அறுபத்துமூணு. இடுப்பு போயே போச்சு.

“வர்றது யாரா இருந்தாலும் சரின்னு சொல்லிட்டு வீடு வந்து சேருங்க,” என்றாள் மனைவி, அன்று காலையில் அவர் முதுகில் தைலம் தேய்த்தபடி. “உங்க இடுப்பு என்ன சங்கத்துச் சொத்தா?”

“சரி.”

“என்கிட்ட சரின்னு சொல்லி என்ன பிரயோசனம்? கமிட்டிகிட்ட சொல்லுங்க.”

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. கமிட்டி என்பது நகரத்தில் இருக்கிற ஆறு பேர். அவர்கள் விண்ணப்பம் படிப்பார்கள், கேள்வி கேட்பார்கள், டீ குடிப்பார்கள். மலைச்சனம் ஒத்துக்கொண்டால்தான் வேலை என்று பெரியக்கா அந்தக் காலத்திலேயே எழுதிவைத்துவிட்டார். ஆனால் மலை ஏறிப் போய்க் கேட்கிற தெம்பு அந்த ஆறு பேரில் ஒருவருக்கும் இல்லை. “மேல என்ன சொன்னாங்க?” என்று டிரைவரைத்தான் கேட்பார்கள். அவர் வாயில் வருவதுதான் தீர்ப்பு.

மேலே இருப்பவர்களோ மூஞ்சிக்கு நேராக வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். அவர்களுக்கு வேறு வழி இருந்தது. அந்த ஊருக்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சிவப்பு. ஆபீசர் வந்தால், கம்பெனிக்காரன் வந்தால், துண்டால் தூசி தட்டி அதில் உட்காரவைப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவன் விருந்தாளி. விருந்தாளி என்றால் எழுந்து போகவேண்டியவன். வேண்டிய ஆளுக்கு யாரும் நாற்காலி போடுவதில்லை. பெரியக்கா கடைசிவரை தரையில்தான் உட்கார்ந்தார். டிரைவரும் தரைதான்.

இதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. வண்டி ஓட்ட வந்த மூணாம் வருஷம் தானாகப் புரிந்தது. அவரும் யாருக்கும் சொல்லவில்லை. கமிட்டி காதில் போட்டால் மறுநாளே ரிப்போர்ட்டில் எழுதிவிடுவார்கள். அப்புறம் வருகிறவன் எல்லாம் அதைப் படித்துவிட்டு, ஜீப்பை விட்டு இறங்கியதும் தரையில் குந்துவான்.

முன்னால் வந்த நாலு பேருக்கும் நாற்காலி கிடைத்தது. மூணாவது ஆள், “என்ன மரியாதை, என்ன மரியாதை!” என்று நாற்காலியைப் போட்டோ வேறு எடுத்துக்கொண்டான்.

அடுத்த மாசம் அரசாங்க விசாரணை. மேல்சரிவை வெட்டிக் கல் எடுக்கக் கம்பெனிக்கு அனுமதி கொடுக்கலாமா என்று கேட்கப்போகிறார்கள். தலைவர் இல்லாத சங்கத்தின் மனுவை எவன் மதித்து வாங்குவான்? அது ஒரு பக்கம். இடுப்பு ஒரு பக்கம். என்ன ஆனாலும் இந்தத் தடவை ‘மேல சம்மதம்’ என்று சொல்லிவிடுவது என டிரைவர் முடிவுகட்டியிருந்தார். பொய்தான். வாக்குக்காகப் பதினாலு மாசம் கூடுதலாக வண்டி ஓட்டினவனுக்கு ஒரு பொய் சொல்ல உரிமை இல்லையா?

ஐந்தாவது ஆள் ஒரு பெண். தண்ணீர் இலாகாவில் இன்ஜினியராக இருந்து வேலையை விட்டவர். பாதி தூரம்வரை கியரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“ரெண்டாவது கியர் கழண்டுக்குதாண்ணா?”

“கையால பிடிச்சுக்கணும், மேடம்.” வேலையை விட்டவர்கள் ஆளுக்கொரு வீரக்கதை வைத்திருப்பார்கள் என்பது டிரைவருக்குத் தெரியும். இதையும் கேட்டுவைப்போம் என்று, “ஏன் வேலையை விட்டீங்க?” என்றார்.

“வராத தண்ணியை வருதுன்னு எழுதச் சொன்னாங்க. பதினாறு வருஷம் எழுதினேன். அப்புறம் முடியல.”

“பதினாறு வருஷமும் எழுதினீங்களா?”

“எழுதினேன்.”

கதை விடுகிறவர் ஒரு வருஷம் என்றல்லவா சொல்லியிருப்பார்? டிரைவர் கியரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மேலே சட்டக்காரி காத்திருந்தாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், காட்டுச் சட்டத்தைப் பிரிவு பிரிவாக ஒப்பிப்பாள். அதனால் அந்தப் பேர். “ஏய்யா டிரைவரு, கோழி மேல ஏத்திடாதே!” என்று கத்தினாள். அவர் இறங்கி வழக்கமான இடத்தில் குந்தினார். “நகரு, பாதையை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கே.” நகர்ந்தார்.

சட்டக்காரியின் புருஷன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து துண்டால் தட்டினான். போச்சு, என்று நினைத்தார் டிரைவர்.

கூட வந்த அந்தம்மா நாற்காலியைப் பார்க்கவே இல்லை. ஊற்றிலிருந்து வருகிற குழாய், இணைப்பில் சைக்கிள் டியூப் சுற்றி, ஒழுகிக்கொண்டிருந்தது. நேரே அங்கே போனார்.

“தொடாதீங்க,” என்றாள் சட்டக்காரி. “அதைக் கட்டினது என் நாத்தனார். கேக்காம அவுத்தா என் தலைமுடி என்கிட்ட இருக்காது.”

“அவங்க எங்கே?”

“விறகுக்குப் போயிருக்கா.”

“சரி, வரட்டும்.” அந்தம்மா ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணி நேரம் போனது. ஒன்றரை ஆனது. அந்தம்மா கடிகாரம் பார்க்கவில்லை, பேச்சுக் கொடுக்கவில்லை, குழாயில் கை வைக்கவில்லை. டிரைவருக்குத்தான் கண்ணைச் சொக்கியது.

நாத்தனார் விறகுக்கட்டைப் பொத்தென்று போட்டாள். “இன்னொரு இன்ஜினியரா? போன தடவை வந்தவன் அவுத்துப் பாத்துட்டு அப்படியே போயிட்டான். மூணு நாள் தண்ணி இல்ல.”

“நான் அவுக்கலைங்க. நீங்க அவுக்கிறப்போ பாக்கலாம்னு உக்காந்திருக்கேன்.”

நாத்தனார் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு டியூபை அவிழ்த்தாள். “அந்தப் பக்கம் பிடி. இறுக்கிப் பிடி! கையில தெம்பே இல்லையே, சோறு தின்னியா இல்லையா?”

‘பிடிங்க’ இல்லை. ‘பிடி’. டிரைவருக்குத் தூக்கம் கலைந்தது.

நாற்காலி காலியாகவே நின்றது. துண்டும் கையுமாக நின்ற புருஷன் சட்டக்காரியைப் பார்த்தான். அவள் தாடையால் ஜாடை காட்டினாள். அவன் நாற்காலியைத் தூக்கிவந்து, இன்னொரு தடவை தட்டி, டிரைவர் முன்னால் வைத்தான்.

“உக்காருங்க,” என்றாள் சட்டக்காரி.

“எனக்கெதுக்கு? கீழயே நல்லாத்தான் இருக்கு.”

“இடுப்பு வலியோட எத்தனை நாளைக்கு? உக்காருங்க.”

இனி கமிட்டியிடம் பொய் சொல்லவேண்டாம். மனைவிக்கும் நல்ல சேதிதான். பதினாலு மாசமாக எதற்கு ஏங்கினாரோ அது கைக்கு வந்துவிட்டது. முழங்காலில் கையூன்றி மெல்ல எழுந்து, நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு கால் மண்ணில் புதைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அங்கே குழாயடியில் அந்தம்மா திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். சனம் தண்ணீர்க் குடத்தோடு போகவர இருந்தது. நாற்காலி நட்டநடுப் பாதையில் கிடந்தது. எல்லாரும் சுற்றிப் போனார்கள். ஒருத்தரும் அவரை நகரச் சொல்லவில்லை.